அன்னபாக்கியத்தின் சம்மதம்

எங்கள் இல்லத்து முற்றத்தில் ஒரு சருகு கூடக் கிடக்காது. மாங்குளம் சந்தியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விசாரணைக்கு வந்த நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

இது நடந்தது இரண்டாயிரத்து நாலில். சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்து இரண்டு வருடம். வெள்ளை வாகனங்களில் தொண்டு நிறுவன ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்த காலம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மனவளர்ச்சி குன்றிய இருபது பேர் என் பொறுப்பில் இருந்தார்கள். அவர்களுடைய உரிமைகளைப் பற்றி வவுனியாவில் மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். திரும்பி வந்ததும் உரிமைகளைப் பலகையில் எழுதி, வீதியால் போகிறவர்களுக்குத் தெரியும்படி மாட்டினேன். உள்ளே இருந்தவர்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது.

அன்னபாக்கியத்துக்கு முப்பத்திரண்டு வயது. பேச்சுக் குறைவு. "வீட்ட போறன்" என்பதை மட்டும் தெளிவாகச் சொல்வாள். வருகிற விருந்தினரிடமும் சொல்வாள். மற்றவர்களை "இதுதான் எங்கட வீடு" என்று ஒரே குரலில் சொல்ல நான் மூன்று மாதம் பழக்கியிருந்தேன்.

அவளின் அண்ணன் இளையதம்பி ஜெயபுரத்தில் வயல் செய்கிறவர். மாதம் ஒருமுறை வருவார்.

"மாஸ்டர், வீட்டுக்குக் கூரை போட்டாச்சு. இவளைக் கூட்டிக்கொண்டு போகப்போறன்."

"நல்லது. போக விருப்பமெண்டு அவா எழுதித் தரவேணும். அது அவாவின்ர உரிமை."

"அவளுக்கு எழுதத் தெரியாதே. விரல் அடையாளம் வைச்சாக் காணாதோ?"

"விளங்கி வைக்கவேணும், இளையதம்பி. விளங்காமல் வைச்சா அது வன்முறை."

பக்கத்தில் நின்ற அன்னபாக்கியம், "வீட்ட போறன்" என்றாள். படிவத்தில் வாய்ச்சொல்லுக்கு இடம் இல்லை. இடாப்பில் இருபது பெயர் இருந்தால்தான் புதுக் கட்டடம் கிடைக்கும் என்பது வேறு விடயம்.

சித்திரை மாதம் கட்டடத்துக்குக் காசு தரும் நிறுவனத்தார் பார்வையிட வந்தார்கள். காலையிலேயே அவளைத் தகரக்கூரைக் களஞ்சிய அறையில் விட்டுப் பூட்டினேன். ஒருவரையும் வெளியாருக்குக் காட்சிப் பொருளாக்கக் கூடாது. பலகையில் நாலாவதாக இருக்கிறது. இருபதாவது கதிரையில் சமையற்காரி மீனம்மாவை வாய் திறக்காமல் இருக்கச் சொன்னேன். நன்றாகவே இருந்தாள்.

என் பேச்சின் நடுவில் களஞ்சியக் கதவு தட்டப்பட்டது. பணிப்பெண் விமலேஸ்வரி என் காதருகே குனிந்தாள்.

"உள்ளுக்குள்ள நெருப்பா எரியும், மாஸ்டர். தண்ணியாவது குடுப்பம். திறப்பைத் தாங்கோ."

"தட்டட்டும். கருத்துச் சொல்ல அவாக்கு உரிமை இருக்கு."

நான் வலது கையை உயர்த்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதுவும் நான் பழக்கியதுதான். அவள் தட்டிய ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தினேன். வந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். இவ்வளவு உற்சாகமான இல்லத்தைக் கண்டதில்லை என்று ஓர் அம்மையார் கண் கலங்கினார்.

பேச்சு முடியும் முன்பே கதவுச் சத்தம் நின்றுவிட்டது. அவளுக்கு வலிப்பு இருந்தது எனக்குத் தெரியும். மருந்து கொடுக்கிறவன் நான். ஏன் நின்றது என்பதும் தெரியும். ஆனால் நன்றியுரை மிச்சம் இருந்தது. பிறகு சாப்பாடு. வாகனங்கள் போய்ப் புழுதி அடங்கிய பின்புதான் திறந்தேன்.

மறுநாள் இளையதம்பி உழவு இயந்திரத்தில் வந்தார். பின்பெட்டியில் பாய் விரித்திருந்தார்.

"இப்பவும் எழுதித் தரவேணுமோ, மாஸ்டர்?"

துக்கத்தில் இருப்பவர் எதையும் கேட்பார். நான் கோபப்படவில்லை. படிவத்தை எடுத்து, அவளின் பெருவிரலை மையில் தொட்டு, 'வீட்டுக்குப் போக விருப்பம்' என்ற இடத்தில் வைத்தேன். அவள் கையை இழுக்கவில்லை. முழுச் சம்மதத்துடன்தான் அனுப்பிவைத்தேன்.