சாரன்ல விழுந்த ஜின்

சாரன்ல கெடக்கிற அந்தத் தடிச்ச கோட்டையே தடவித் தடவிப் பாக்காதீங்க மொதலாளி... எந்தச் சாரன விரிச்சாலும் அது கெடக்கும். ஓம், இந்தப் பச்சைக் கட்டத்திலயும் கெடக்கு. நூல் பழுதில்ல, சாயம் பழுதில்ல, என்ட தறியும் பழுதில்ல. அது ஜின் வந்த எடம்! சிரிக்காதீங்க... இல்ல, நீங்க எங்க சிரிச்ச? நான்தான் சிரிச்சீங்க எண்டு நெனச்சிட்டன்.

இரிங்க, இரிங்க. அந்தக் கதிரையில வேணாம், அது கால் ஆடும். இதுல இரிங்க. புள்ளே ஹாஜறா! கல்முனையில இரிந்து அபூசாலி மொதலாளி வந்திரிக்காரு, தேத்தண்ணி ஊத்து! ... ம்ஹூம், கேக்காது. அவ, என்ட பொஞ்சாதி, பின்னால தறிக் கொட்டில்லதான் நிப்பா, கத கேட்டுக்கிட்டு. "பயமா இரிக்கி, பயமா இரிக்கி" எண்டு சொல்லிக்கிட்டே முன்னுக்குப் போய்க் குந்துவா.

என்ன கதையா? றஸாக் எண்டு ஒரு மெலிஞ்ச பொடியன், என்ட தறியில நெய்யிற. அவன் இப்ப எழுத்தாளர், தெரியுமா! கொழும்புப் பேப்பர்ல ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம அவன்ட ஜின் கத, பேய்க் கத வருது.

எல்லாம் இந்தக் கூட்டாளிமார் செஞ்ச வேலை மொதலாளி. அவன் பாட்டுக்கு நெஞ்சிக்கிட்டு இரிந்தவன். வேலைக்குள்ள சும்மா கட்டிக் கட்டிச் சொல்லுவான்... கெணத்துக்குள்ள ஒரு கை தெரிஞ்ச, பனைக்கு மேல பொம்புள குந்தியிரிந்த எண்டு. அதுக்கு இவனுகள், "எழுதுடா, எழுதுடா!" ஒருத்தன் கொப்பி வாங்கிக் குடுத்தான். ஒருத்தன் பேனை. பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருத்தர் வந்து எழுத்துப்பிழை பாத்துக் குடுத்தாரு. பக்கத்துத் தறி ஜவுபர் இரிக்கானே, றஸாக் எழுதுற நேரம் அவன்ட தறியையும் சேத்து இவன் நெஞ்சான்! ரெண்டு தறிக்கு ஒரு மனிசன், அங்கயும் இஞ்சயும் பாஞ்சி பாஞ்சி. எழுவத்தெட்டுப் புயல்ல இந்தக் கொட்டில்ட கூரை பறந்து கடற்கரையில போய் விழுந்த. அப்ப எங்க போன இந்த ஜவுபர்? ஒரு ஓலை தூக்கித் தந்தானா? நான் மறக்கல்ல. ஒண்டையும் மறக்கிற ஆள் இல்ல நான்.

மறுகா வாசகர்மார். அது வேற. தம்பிலுவில்ல இரிந்து ஒரு கடுதாசி, "ஜின் எழுத்தாளர், மருதமுனை" எண்டு மட்டும்தான் போட்டிரிக்கி, நேராக் கொட்டிலுக்கு வருது! எனக்கு வெலாசம் முழுக்க எழுதினாலும் ஊரெல்லாம் சுத்தித்தான் வரும். சம்மாந்துறையில இரிந்து ட்ரக்டர் பொட்டி நெறையப் பொடியனுகள் வந்தானுகள் இவனப் பாக்க. எறங்கின ஒடன, "நீங்கதானா?" எண்டு என்ட கையப் புடிச்சிக் குலுக்கினானுகள். நான் இல்லண்டு சொன்னதும் குடுத்த கையப் புடுங்கி எடுத்தானுகள் பாருங்க... நெருப்பத் தொட்ட மாதிரி! "ஒங்கட கதைய வாசிச்சி எங்கட ஊட்டுல ராவையில ஒருத்தரும் கெணத்தடிக்குப் போறல்ல, இன்னும் பயமா எழுதுங்க" எண்டு சொல்லி ஒரு கூடை மாம்பழம். பயம் காட்டினதுக்கு மாம்பழம்! நான் இவ்வளவு நாளாச் சாரன் நெஞ்சி அவனுகள்ட மானத்த மறைச்சிரிக்கன், எனக்கு ஒரு மாங்கொட்டை தந்தானுகளா?

ஓம் ஓம், கோடு. கோட்டுக்கு வாறன்.

பேப்பர் வந்த ஒடன றஸாக் கொட்டிலுக்கு நடுவில நிண்டு சத்தமா வாசிப்பான். சுத்திவரத் தறியெல்லாம் டக்குடக்கெண்டு அடிச்சிக்கிட்டு இரிக்கும். ஜின் வாற எடம் வரட்டும்... எல்லாத் தறியும் ஒண்டா நிக்கும். கடல் எரையிற சத்தம் மட்டும்தான். மறுகா ஜின் போனாப் பொறகு, அந்தப் பயத்தோடயே தறிய ஓங்கி ஒரு அடி அடிப்பானுகள். அந்த அடியில நூல் நெருங்கித் தடிச்சதுதான் இந்தக் கோடு. இதுல ரெண்டு கோடு கெடக்கா? அண்டைக்கு ஜின் ரெண்டு தரம் வந்த.

நிறுத்தினன் மொதலாளி! நிறுத்தாம இரிப்பனா? ஒரு கிழமை, "வாசிக்க வேணாம், வேலையப் பாருங்க" எண்டன். பின்னேரமாக முன்னம் எல்லாருக்கும் வயித்துவலி. கொட்டில் காலி. எனக்கும் அண்டைக்கு ராவு நித்திரை இல்ல, கதையில வாற ஜின் தன்ட பைய வெச்சிட்டுப் போச்சா கொண்டு போச்சா எண்டு தெரியாம... இல்ல, எனக்கென்னத்துக்கு அது? சும்மா சொன்னன்.

வெலயக் கொஞ்சம் கொறைச்சித் தாறன். சரியா? ... சரி, இன்னும் கொஞ்சம். கோடு உடுக்கிற நேரம் மடிப்புக்குள்ள போயிரும், ஆரு பாக்கிற? ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இந்தச் சாரன் போகல்லண்டா நூலுக்கு வழியில்ல. தறி நிக்கும்... ஜின் வராமலே நிக்கும். எழுவத்தேழுக்குப் பொறகு கப்பல்ல வெளிநாட்டுத் துணி வரத் தொடங்கின, மத்த யாவாரிமார் எல்லாம் அங்கால பாஞ்சித்தானுகள். எனக்கு மிச்சம் நீங்க ஒராள்தான். இன்னும் ஒரு சொட்டுக் கொறைக்கிறன், வாயத் தொறந்து ஒரு சொல்லு கதைங்களன்!

...பாருங்க, இதுதான். இப்பிடித்தான் றஸாக்ட கதையிலயும். ஒரு நெசவுக்காரன்ட ஊட்டுக்கு பொழுது பட்டு மஃரிப் தொழுற நேரத்தில ஒரு யாவாரி வாறான், அவன்தான் ஜின். ஒண்டும் கதைக்க மாட்டான். பெருவிரலால துணியத் தடவுவான், வெளிச்சத்துக்குப் புடிப்பான், மறுகா தடவுவான். அவன் கதைக்கல்லயே எண்டு நெசவுக்காரன் கதைப்பான், கதைக்கக் கதைக்க அவன்ட வெலயும் எறங்கும், கொரலும் எறங்கும். கடைசியில பாத்தா வாய் அசையிது, சத்தம் வருதில்ல! சத்தமெல்லாம் யாவாரிட பைக்குள்ள! அவன் எழும்பிப் போற நேரம் பைக்குள்ள இரிந்து கேக்குதாம், "இன்னும் கொறைக்கிறன்... இன்னும் கொறைக்கிறன்..." எண்டு. சுபுஹானல்லாஹ், மேலெல்லாம் சிலுக்குது!

அதாலதான் நீங்க வந்த ஒடன என்ட தறிப் பொடியனுகள் ஒங்கட காலப் பாத்த. தப்பா எடுக்காதீங்க. ஜின்னுக்குக் கால் நெலத்தில படாதாம். ஒங்கட கால் நல்லாப் படுது, நானும் பாத்தன்.

என்ன... பையத் தொறக்குறீங்க? பை வேணாம் மொதலாளி, அதக் கட்டி வெய்யிங்க! ... ஓ, பேப்பரா. போன கிழமைப் பேப்பர். நீங்களும் வாசிக்கிறா? பேனையால கோடெல்லாம் போட்டிரிக்கி... எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், பொறுங்க. "குடைய... இடக்கையில கொழுவி... கடவாயில... தங்கப்பல்லு மினுங்க..." 

ம். ஒங்களப் போல குடை கொழுவுறவங்க எத்தின பேர் ஊருல! எல்லாம் அந்தப் பொடியன்ட வேலை, ஒங்களப் போய் ஜின்னாக்கி... மரியாத தெரியாதவன். இண்டைக்கே ஏசுறன். ஆனா அந்தத் தங்கப்பல்லு ஒங்கட இல்ல மொதலாளி, அது அவனுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான் ஆருக்கும் வாயத் தொறக்கிறல்லயே. ஒரு நாள் நீங்க கொட்டாவி விட்ட நேரம் நான் மட்டும்தானே கண்ட...

...

சரி, அப்பிடிப் பாக்காதீங்க. நான்தான் சொன்ன. "ஜின்னுக்கு ஒரு மனிசன்ட சாயல் வேணும் மீராசாக் காக்கா" எண்டு கேட்டான். போன பெருநாளைக்கு நீங்க வாயே தொறக்காம என்ட வெலயப் பாதிக்குக் கொண்டு வந்தீங்க, அது நெஞ்சில கெடந்த. குடையும் பல்லும் நான் குடுத்த. பைய மட்டும் அவன் சொந்தமாப் போட்ட.

எங்க எழும்புறீங்க? மொதலாளி! சாரன்... தேத்தண்ணி... அது வாசல் இல்ல, அது தறிக் கொட்டில்! றஸாக், ஓடுடா! இல்ல, நில்லு... ஓடாத... 

யா அல்லாஹ். அவனுக்குக் கைகுடுக்கிறாரு. கட்டிப் புடிக்கிறாரு! ஜின்னே வந்து முதுகில தட்டிக் குடுக்குது! ஹாஜறா, கேட்டியா, கதைக்கிறாருடி! "கடைக்கு வாற சனமெல்லாம் என்னப் பாக்கத்தான் வருது தம்பி, என்ன இன்னும் கொஞ்சம் பயங்கரமா எழுதுங்க" எண்டு... சிரிக்கிறாரு! இவ்வளவு காலம் என்னோட கதைச்ச எல்லாத்தையும் கூட்டினாலும் ஒரு சாரன் ஓரத்துக்குக் காணாது, அவனோட மழையாட்டம் பொழியிறாரு!

டேய் றஸாக்... மவன்... இஞ்ச என்னப் பாரு. கதைய நிறுத்தாத. கதைச்சிக்கிட்டே, மெல்லமா, அந்தச் சாரனுக்கு வெலயையும் கேட்டிருடா. பெருநாள் வெல. நீயே கேளு. நான் கேட்டா எறங்கும்.