ஓசிப் பாஸ் பங்குதாரர்கள்

பங்குதாரர் கூட்டத்தில் பருப்புப் பாயசம் போடும் வழக்கத்தை நாமக்கல்லில் தொடங்கியவன் நான்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

மேனேஜரைப் பங்குதாரர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது சட்டம். பங்குதாரர்களை மேனேஜர் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. நான் மேனேஜராக இருக்கும் பஸ் கம்பெனியில் நிறையப் பங்கு வைத்திருந்தவர் தோல் வியாபாரி கலீலுல்லா. 1936ஆம் வருஷக் கூட்டத்தில் எழுந்து, "ஏனுங்க மேனேஜர், பிரேக்கு மாத்தி மூணு வருசமாச்சாமே? இந்த ஆளே நமக்கு இன்னும் வேணுமாங்க?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார். நல்ல மனிதர். அடுத்த இரண்டு கூட்டங்களையும் வெள்ளிக்கிழமை உச்சியில், அவர் தொழுகைக்குப் போகும் நேரத்தில் வைத்தேன். சலித்துப்போய்ப் பங்குகளை ஒரு வக்கீலுக்கு விற்கப் பார்த்தார். வக்கீல் பெயருக்கு மாற்ற மறுத்துவிட்டோம். அந்த அதிகாரம் கம்பெனிக்கு உண்டு. அவர் பங்குகளை வாங்குகிறவர்களை நானே சேந்தமங்கலம் பக்கத்துக் காடுகரைகளில் தேடிப் பிடித்தேன். பங்கு வாங்கினால் பஸ்ஸில் ஓசிப் பாஸ்.

கடலைக்காட்டு முத்தாயம்மாள், "சாமி, நாஞ் செத்துப்போனாலும் பாஸு செல்லுமுங்களா?" என்றாள். அவர்கள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். தங்களுக்குப் பதிலாக நானே ஓட்டுப் போடலாம் என்ற சீட்டிலும், பாஸ் கொடுக்கும்போதே கைநாட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்த வருஷக் கூட்டம் என் பதவியை ஐந்து வருஷம் நீட்டிப்பதற்கு. அன்று காலை, பங்குதாரர்களைக் கூட்டத்துக்கு ஏற்றிவர வேண்டிய பஸ்ஸின் டிரைவர் வேலுமணி வந்து, "பிரேக்கு சுத்தமா புடிக்கலீங்க. வண்டிய நிறுத்திப் போடலாமுங்க" என்றான். ஆஸ்பத்திரியில் அவன் உங்களிடம் சொன்னது உண்மை. கைநாட்டு வைத்த ஓட்டுச் சீட்டுகள் என் கையில் இருந்தன. அவர்கள் வராமலே இருந்திருக்கலாம். ஆனால் பஸ் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். ஒன்றைக் கேட்டுப் பழகிய வாய் அடுத்ததையும் கேட்கும்.

"மெதுவாப் போயிட்டு வா" என்றேன்.

ஏரிக்கரை வளைவில் பஸ் உருண்டது. பதினொரு பங்குதாரர்கள். சைக்கிள்காரன் ஒருவன் சேதிச் சீட்டைக் கொண்டுவந்தபோது தீர்மானம் பாதியில் இருந்தது. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டெடுப்பை முடித்தேன். பிறகு எல்லாரையும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தச் சொன்னேன். பாயசம் வீணாகவில்லை.

நீங்கள் கொலை என்கிறீர்கள். தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள், ஐயா. பதினொரு பேரும் எனக்கே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். என்மேல் மனக்குறை இருந்தால் போட்டிருப்பார்களா?