இறக்கைக்கு வைத்த பொட்டு

பம்மல் போர்வெல் தண்ணீரில் கை கழுவினால் கை சுத்தமாகாது. தோல் பதனிடும் தொட்டிகள் பாதிக்கு மேல் மூடியாகிவிட்டன, இருந்தும் அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. அதனால் எங்கள் பட்டறையில் எதையாவது ஒட்டுகிற நாளில் நான் கேன் தண்ணீரில்தான் கை கழுவுவேன். "சார் ஆப்பரேஷன் பண்ணப் போறாருடா" என்று பசங்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சுத்தம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் எங்கள் பட்டறை ஆள் துரை உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் மனைவி காந்திமதி மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். சத்யபிரியா செத்ததற்கு அவன்தான் காரணம் என்று எழுதி முடிக்கப் போகிறீர்கள். உடைந்த ஒட்டுக்குள் குங்குமம் இருந்தது, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தவன் துரை, அதனால் துரை. அவ்வளவுதான் உங்கள் கணக்கு. இன்ஸ்பெக்டர் சார், இதைவிட நல்ல கணக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளை போடும். துரை அதைச் செய்யவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

முதலில் அந்த இறக்கை என்ன என்று உங்களுக்குப் புரிய வேண்டும். ஃபாயில் என்று நான் சொன்னதும் சாப்பாடு கட்டுகிற தாளை நினைத்துக்கொண்டீர்கள், முகத்திலேயே தெரிந்தது. இந்தப் பந்தயப் படகு தண்ணீரில் மிதந்து ஓடுவதில்லை. காற்று பாய்மரத்தை இழுத்து வேகம் கூடியதும் படகு மொத்தமும் தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். அடியில் கால் மாதிரி ஒரு பலகை இறங்கும், அந்தக் காலின் நுனியில் குறுக்காக ஒரு இறக்கை. தண்ணீருக்குள் இருப்பது அது மட்டும்தான். ஆளையும் படகையும் சேர்த்துத் தூக்கி நிற்பது அந்த இறக்கை. காலும் இறக்கையும் சேரும் இடத்தில் ஒரு ஒட்டு. உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதை வரைந்து செய்யத் தெரிந்தவன் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான். மறைமலை நகரில் கார் கதவுக்கு உள்ளே போகிற பிளாஸ்டிக் துண்டுகளை வரைந்து என் இளமை போனது. பிறகு குப்புராஜ் கூப்பிட்டார். அப்பா நெல் போட்ட நிலத்தில் ஷெட் போட்டு முதலாளி ஆனவர். கார்பன் நாருக்கும் கோணிப்பைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சர்வதேசப் பந்தயத்துக்குப் படகு அனுப்புகிற கிளப் ஒன்றின் ஆர்டரைப் பிடித்துவிட்டார், அதை முடித்துத் தர ஒரு மூளை தேவைப்பட்டது. அந்த மூளையை 'ஸ்ரீரங்கன் சார்' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

கிளப்பின் கேப்டன் ஹரிபிரசாத். ஈ.சி.ஆரில் வீடு, கையில் கறுப்புக் கண்ணாடி, வாயில் இங்கிலீஷ். என்னை அவன் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "மிஸ்திரி, எப்ப ரெடியாகும்?" என்பான். அவனோடு படகில் போகிறவள் சத்யபிரியா. அஸ்தினாபுரத்துப் பெண், பி.காம்., ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். முட்டுக்காட்டில் சின்னப் படகு ஓட்டிப் பழகியவளைக் கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஓட்டுகிற படகு அது. உடம்பு லேசாக, கை நிதானமாக இருக்கிற ஒருத்தி அவர்களுக்கு வேண்டியிருந்தது.

நான் முதலில் செய்து கொடுத்த இறக்கை கத்தி மாதிரி மெல்லியது. அதற்காகத் தூக்கம் கெட்டிருக்கிறேன். நேர்க்கோட்டில் அந்த வேகத்தை வேறு எவனும் தொட்டதில்லை. அதை எடுத்துக்கொண்டு தாய்லாந்தில் ஒரு பந்தயத்துக்குப் போய்க் கடைசியாக வந்தார்கள். கேப்டன் வந்து கத்தினான். அவனை நான் பொருட்படுத்தவில்லை. குரைப்பதற்குத்தான் அவனுக்குக் காசு இருந்தது. ஆனால் சத்யபிரியா கத்தவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"சார், உங்க விங் செம ஃபாஸ்ட். ஆனா திரும்பும்போது போட் தொபுக்குனு விழுந்துடுது. திரும்ப எழும்புறதுக்குள்ள எல்லாரும் போயிடறாங்க. கொஞ்சம் பெருசா, தடியா ஒண்ணு செஞ்சு பாக்கலாமா?"

"பந்தயப் படகு வேணுமா, மாட்டு வண்டி வேணுமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "விழாம போற மாட்டு வண்டி குடுங்க சார், ஜெயிச்சுக் காட்டறேன்."

பட்டறையே சிரித்தது. துரையும் சிரித்தான். குப்புராஜ் உடனே, "பாப்பா கேக்குற மாதிரி பண்ணிக் குடுங்க சார்" என்றார். செய்து கொடுத்தேன். வேண்டாவெறுப்பாகச் செய்தேன், ஆனால் தப்பாகச் செய்யவில்லை. எனக்குத் தப்பாகச் செய்ய வராது. அந்தத் தடி இறக்கையைப் போட்டுக்கொண்டு தகுதிப் போட்டிக்குப் போனாள். திருப்பத்தில் ஒரு தடவைகூட விழவில்லை. மூன்றாவதாக வந்து, இறுதிப் போட்டிக்கு இடம் பிடித்துவிட்டார்கள். அவள் சொன்னதுதான் சரி. அதை நான் மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். காற்று ஓயும்போதும் திரும்பும்போதும் படகு விழாமல் இருந்தால் போதும், மெல்லிய இறக்கை தரும் வேகம் அதற்கு ஈடாகாது. கணக்கு போட்டிருந்தால் எனக்கும் அது தெரிந்திருக்கும். நான் போடவில்லை.

சந்தோஷத்தில் குப்புராஜ் ஒரு காரியம் செய்தார். என்னுடைய மெல்லிய இறக்கையை எடுத்துப் பட்டறை வாசலுக்கு மேலே மாட்டினார். கீழே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டித் தொங்கவிட்டார். திருஷ்டிக்காம். தினமும் காலையில் நான் அதன் அடியில் குனிந்து உள்ளே போக வேண்டும். சத்யபிரியா அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பாவம் சார் அது" என்றாள். யாருக்காகப் பாவப்பட்டாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இறுதிப் போட்டிக்குப் புதிதாக ஒரு ஜோடி தடி இறக்கை தேவைப்பட்டது. அந்த வேலை ஆயுத பூஜைக்குள் வந்து மாட்டிக்கொண்டது. எங்கள் பட்டறையில் பூஜையன்று ஆயுதத்தைத் தொட மாட்டார்கள். ஒட்ட வேண்டிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறக்கைகளையும் சாமி படத்துக்கு முன்னால் படையலில் வைத்துவிட்டார்கள். டிரில்லுக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு, குப்புராஜின் காருக்குப் பொட்டு. துரை பக்தியோடு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவன், இறக்கையிலும் வைத்தான். சரியாக, தேய்த்து வைத்த ஒட்டு முகத்தின் நடுவில். பார்க்க அந்த இடம்தான் அவனுக்கு நெற்றி மாதிரி இருந்ததாம்.

எல்லோரும் இருக்கும்போதே அவனைத் திட்டினேன். அந்த முகத்தில் விரல் ரேகை பட்டால்கூடப் பசை பிடிக்காது, இவன் சந்தனம் அப்புகிறான்.

"இன்னா சார், வருசத்துக்கு ஒரு தபா. கடலுக்குப் போற புள்ள, சாமி தொணையா இருக்கட்டுமேன்னு வெச்சேன்" என்றான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "மன்னிச்சுக்க சார்" என்றான்.

மறுநாள் விஜயதசமி. துரை முதல் வேலையாக அந்த முகத்தை மறுபடி தேய்த்தான், அசிட்டோன் போட்டுத் துடைத்தான், வெள்ளைத் துணியால் ஒற்றி என்னிடம் காட்டினான். துணியில் ஒன்றும் இல்லை. இதைத்தான் அவன் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறான், நீங்கள் நம்பவில்லை. அவன் சொல்வது உண்மை. திட்டு வாங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். துடைத்ததை நான் மட்டும் பார்த்தேன். மற்றவர்கள் அந்த நேரத்தில் குப்புராஜ் வீட்டம்மா புதிதாக வைத்த சுவாமி படத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு துரை பசையைக் கலந்து எடுத்துக்கொண்டு வந்தான். அது கறுப்புப் பசை. வந்தவன் என் முன்னால் நீட்டினான்.

"நல்ல நாளு சார். நீங்கதான் பெரியவரு. மொத கை நீங்க போடுங்க."

விஜயதசமிக்கு எந்த வேலையையும் பெரியவர் கையால் தொடங்க வேண்டுமாம். அந்த வழக்கம் மட்டும் இல்லாவிட்டால் பசையை அவன்தான் தடவியிருப்பான். நான் கேன் தண்ணீரில் கை கழுவினேன். பூஜைத் தட்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சந்தனம் இருந்தது, குங்குமம் இருந்தது, விளக்கில் நல்லெண்ணெய் இருந்தது. துரை, அழுத்திப் பிடிக்கிற கிளாம்பை எடுக்கத் திரும்பினான். கட்டை விரலால் தொட்டு ஒட்டு முகத்தில் தேய்த்தேன், மேலே கறுப்புப் பசையைப் பூசினேன். சுத்தமாகத்தான் பூசினேன். துரை கைகூப்பிக் கும்பிட்டான்.

குங்குமத்தை எதற்குத் தொட்டேன் என்று கேட்பீர்கள். துரையை மாட்டிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. எண்ணெய் மட்டும் போதும். தட்டில் இருந்தது, தொட்டுக்கொண்டேன்.

காய்ந்ததும் துரை, "வெயிட் வெச்சிப் பாத்துருவோமா சார்?" என்றான். வைத்தோம். மணல் மூட்டைகளை அடுக்கினான். ஒட்டு அசையவில்லை. "கல்லு மாரி கீது சார்" என்று சந்தோஷப்பட்டான். அவன் சந்தோஷப்படுவதற்குப் பெரிதாக எதுவும் தேவைப்படாது.

இதெல்லாம் ஹரிபிரசாத்துக்காகச் செய்தது. நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். மிஸ்திரி என்று கூப்பிடுகிறவனுக்கு ஒரு பாடம். கோவளத்தில் கடைசிப் பயிற்சி. கரைப் பக்கம் மெதுவாகப் போகும்போதே இறக்கை கழன்று, கேப்டன் எல்லோர் முன்னாலும் உப்புத் தண்ணீர் குடித்து எழுந்து வருவான் என்று எதிர்பார்த்தேன். அவ்வளவுதான் என் ஆசை. இதை ஒரு கொலை என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது.

அன்று காலை ஹரிபிரசாத் போன் செய்தான். ஏதோ ரிசப்ஷனாம், வர முடியாதாம், அவன் இடத்தில் ஆல்வின் என்கிற பையன் போவானாம், சுக்கானை சத்யபிரியா பிடிப்பாளாம். "மிஸ்திரி, நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க" என்றான். சரி என்றேன். பம்மலிலிருந்து கோவளம் ஒன்றும் வெளிநாடு இல்லை. போனும் கையில்தான் இருந்தது. நான் டிபன் சாப்பிடப் போனேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆழத்துக்குப் போய் முழு வேகத்தில் திரும்பினார்கள். ஒட்டு விட்டது. படகு மூக்குக் குத்தியது. ஆல்வினுக்குத் தோள் முறிந்தது. அவளை முன்னால் தூக்கி எறிந்ததில் பாய்மரத்தைக் கட்டும் கம்பியில் கழுத்து பட்டது. கரைக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை. அஸ்தினாபுரத்து வீட்டுக்கு நானும் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்திதான் சார் எப்பவும் பேசும், பெரிய ஜீனியஸ்னு சொல்லும்" என்று அழுதாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே சத்யபிரியா சொன்னதில்லை.

உங்கள் நிபுணர் வந்தார், கிழிந்த ஒட்டைப் பார்த்தார், மூடநம்பிக்கையால் விபத்து என்றார். அதைக் கேட்டதும்தான் இங்கே வருவதென்று முடிவு செய்தேன். துரைக்காக வந்தேன் என்று வெளியே காந்திமதி நினைக்கலாம், என் காலில் விழவும் செய்யலாம். உண்மை அதுவல்ல. என் ஒட்டு ஒரு தற்குறி வைத்த பொட்டால் விட்டுப்போனது என்று எழுதப்படுவதை என்னால் சகிக்க முடியாது. அந்த நிபுணர் ஒன்றைக் கவனிக்கவேயில்லை. குங்குமம் நடுவில் மட்டும் இருந்தது, ஓரம் முழுவதும் பசை அருமையாகப் பிடித்திருந்தது. துரை தற்செயலாக வைத்திருந்தால் அப்படியா இருக்கும்? ஓரத்தைத் தொடாமல் விட்டால்தான் மணல் மூட்டையைத் தாங்கும், மெதுவாகப் போகும்போது தாங்கும், முழு வேகத்தில் திரும்புகிற ஒரு நொடியில் மட்டும் விடும். கரைப் பக்கமே கழல வேண்டும் என்று நினைத்திருந்தால் நான் முழுவதும் தடவியிருப்பேன்.

ஆமாம், சற்று முன் வேறு மாதிரிச் சொன்னேன். எழுதியதை அடித்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவள் போனைப் பார்த்தால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள், உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டு எனக்குப் பேசினாள். நான் அப்போது இலையில் கை வைத்திருந்தேன். பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"சார், புது விங் எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. முதல் நாளே வேண்டாம், மெதுவாவே ஓட்டிட்டு வந்துடவா? இல்ல ஃபுல் ஸ்பீடுல டர்ன் எடுத்துப் பாக்கட்டுமா? நீங்க சொல்றதுதான் சார்."

"ஃபுல் ஸ்பீடே எடும்மா" என்றேன்.

என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அவள் நான் சொன்னபடி கேட்டது அன்றைக்குத்தான்.