ஜூலிக்கு நேற்று யார் தண்ணி வைத்தது?

இமெல்டா: திரும்பவும் படுக்கப் பாக்குது அண்ணா! கயித்தை இழுங்க!

பற்றிக்: இழுத்துக்கொண்டுதானே நிக்கிறன்... எழும்பு ஜூலி, எழும்படி தங்கம்...

இமெல்டா: மிருக டொக்டர் லைன்ல. ஸ்பீக்கர்ல போட்டிருக்கன்.

டொக்டர் சுரேகா: பற்றிக், நான் இன்னும் வெள்ளவத்தையில, டிரபிக்ல. கொட்டாஞ்சேனைக்கு வர ஒரு மணித்தியாலம் செல்லும். குதிரையை உருள மட்டும் விடாதீங்க, மெதுவா நடத்துங்க. எப்ப தொடங்கினது?

பற்றிக்: கலியாண வண்டியைக் கழட்டி, லொறியில கொண்டுவந்து இறக்கி, தவிடு வச்சம். கொஞ்ச நேரத்தில வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது. காலால நிலத்தைத் தோண்டுது.

டொக்டர் சுரேகா: லத்தி போட்டதா?

பற்றிக்: இன்னும்... இல்ல.

இமெல்டா: போன மாசம் மட்டும் கலியாண ஹோல் வாசல்ல, பொம்பிளை வண்டியால இறங்கிற நேரம் பாத்துப் போட்டிச்சு!

பற்றிக்: இப்ப அதைக் கதைக்கிற நேரமா?

இமெல்டா: ஊரே ஃபோன்ல பாத்துச் சிரிச்சது. ரெண்டு கலியாணம் கான்சல்...

டொக்டர் சுரேகா: இமெல்டா, மேல் உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்க. என்ன நிறம்?

இமெல்டா: வெளிறிப்போய்க் கிடக்கு டொக்டர்.

டொக்டர் சுரேகா: நேற்று லத்தி எத்தனை தரம்? கொட்டில் கூட்டேக்க எண்ணச் சொன்னனான்தானே?

பற்றிக்: வழமை மாதிரி... எட்டு இருக்கும்.

டொக்டர் சுரேகா: தண்ணி?

பற்றிக்: குடிச்சது.

டொக்டர் சுரேகா: வடிவா யோசிச்சுச் சொல்லுங்க. குதிரைக்குச் சத்தி எடுக்க ஏலாது, உள்ள போனது உள்ளதான். குடல் காஞ்சு அடைச்சிருந்தா ஒரு வைத்தியம், இல்லாட்டி வேற. நீங்க பிழையாச் சொன்னா நான் பிழையாத்தான் செய்வன்.

இமெல்டா: குளம்பு துப்பரவாக்கிறது, தீன், தண்ணி... ஒரு நாளும் தவற விடமாட்டம் டொக்டர். காலமை அண்ணா, பின்னேரம் அஞ்சு மணிக்கு நான்.

பற்றிக்: ஓம்... ஒரே நேரம், ஒரே அளவு.

டொக்டர் சுரேகா: நேற்றும்?

பற்றிக்: நேற்று... இந்தக் கயித்தை ஒருக்காப் பிடி இமெல்டா, மற்றப் பக்கம் திருப்புவம்.

இமெல்டா: ஏன் கதையை மாத்திறீங்க? பாருங்க, வேர்த்து ஊத்துது அதுக்கு! சொல்லுங்க அண்ணா!

பற்றிக்: நேற்றுக் காலமையும் இண்டைக்குக் காலமையும் ஒண்டும் குடுக்கல்ல டொக்டர். வாளியில கிடந்த தண்ணியையும் ஊத்திட்டன். வயிறு வெறுமையா இருந்தா ஹோல் வாசல்ல மானம் போகாது எண்டு... பின்னேரம் தங்கச்சி வைப்பாள்தானே, அது காணும் எண்டு நினைச்சன்.

டொக்டர் சுரேகா: ஐயோ பற்றிக்... பட்டினி போட்டிட்டு ஒரேயடியாத் தவிடு வச்சீங்களா? சரி. நேற்றுப் பின்னேரம் குடிச்சிருந்தா கொஞ்சம் நம்பலாம். இமெல்டா, அஞ்சு மணிக்கு எத்தனை வாளி குடிச்சது?

இமெல்டா: வாளி வெறுமையா இருந்தது டொக்டர்... காலமை அண்ணா வச்சதை முழுக்கக் குடிச்சிட்டுது, ஒரு நேரம் விட்டாப் பரவாயில்ல எண்டு... நானும் வைக்கல்ல.