நாலு உருண்டை

சொக்கம்மாள்: மெதுவா மெல்லுய்யா. கூழா ஆவட்டும், அப்பால முழுங்கு.

சடையப்பன்: மென்னுக்கினுதான கீறேன். இப்டி வாயையே பாத்துக்கினு இருந்தா தொண்டையில எறங்குமா?

சொக்கம்மாள்: பாதி வயித்த வெட்டி எடுத்தாரே, மெட்ராஸ் டாக்டரு, இன்னா சொன்னாரு? ஒருவாட்டி குந்தினா நாலு உருண்டை சோறு...

சடையப்பன்: ...நடுவுல தண்ணி குடிக்காத, இனிப்பத் தொடாத, துன்னதும் படு. மீறினா தையல் பிச்சிக்கும், உசுருக்கு நான் ஜவாப்தாரி இல்ல. எல்லாம் மனப்பாடம்டி.

சொக்கம்மாள்: பெருநகர் கல்யாணத்துல பாயசத்தக் குடிச்சிட்டு பந்தியிலயே சாஞ்சது யாரு?

சடையப்பன்: ஒரு டம்ளருதான்... வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடன்னு அடிச்சி... நீதான் முந்தானையால விசிறின.

சொக்கம்மாள்: வேணாம் வேணாம்னேன். கேட்டியா நீ?

சடையப்பன்: இப்ப கேக்கறேனே. நாலு ஆயிடுச்சி. கை கழுவட்டா?

சொக்கம்மாள்: ...இன்னொண்ணு துன்னு.

சடையப்பன்: இன்னாது?

சொக்கம்மாள்: வடை கீது. கருவாட்டுக் கொழம்பு கீது. யாருக்கு மிச்சம் வெக்கிற?

சடையப்பன்: நீயா சொல்ற? வாய்கிட்ட போற கைய புடிச்சி இழுக்கறவளாச்சே.

சொக்கம்மாள்: நீ துன்னாதான்யா எனக்குப் பசி தீரும்.

ராணியம்மாள்: அண்ணா, கதவத் தொற. படையல் போட்டா எல்லாரும் வெளிய வந்து கதவ சாத்தணும். நீ உள்ள குந்திக்கினு இன்னா பண்ற?

சடையப்பன்: வெளக்கு ஆடிக்கினு கீது ராணி. அணையாம பாத்துக்கினு கீறேன்.

ராணியம்மாள்: யார்கிட்ட பேசற?

சடையப்பன்: யாருமில்லம்மா.

சொக்கம்மாள்: ...கூடப் பொறந்தவகிட்டயே பொய்யா?

சடையப்பன்: நீ மட்டும் நெஜமா பேசறியா?

சொக்கம்மாள்: பாயசம் ஆறுது. எடு.

சடையப்பன்: அஞ்சாவது உருண்டைக்கே வேர்க்குதுடி சொக்கி... கண்ண இருட்டுது. கொஞ்சம் படுத்துக்கறேன்.

சொக்கம்மாள்: படுக்காத. எடு.

ராணியம்மாள்: அண்ணா, அந்த எலையில கைய கிய வெச்சிடாத. அண்ணி செத்துப்போயி மொத மாசப் படையல். செத்தவங்க துன்றதுக்கு முந்தி நாம துன்னா, கூடவே இட்டுக்கினு பூடுவாங்க. தெரியாதா உனுக்கு?

சடையப்பன்: தெரிஞ்சிதான் ராணி உள்தாப்பாள் போட்டேன்... ஒரு மாசமா எனக்கு உருண்டை எண்ணிப் போட ஆளில்லடி சொக்கி. எங்க, அந்தப் பாயச டம்ளர இப்டி நவுத்து.