மூடாத சாப்பாட்டு மேசை

ஆட்கின்: மேசை பழசுதாம்மா, ஒத்துக்கிறேன். நடுவுல இருக்கிற இந்த மூணு பலகைதான் எனக்கு இடிக்குது.

மியூரியல்: எங்க இடிக்குது, தலையிலயா? அடியில புகுந்து புகுந்து பாத்தா இடிக்கத்தான் செய்யும்.

ஆட்கின்: மனசுலம்மா...

மியூரியல்: எங்க கொள்ளுத்தாத்தா சைலஸ் த்வெய்ட் செஞ்ச மேசை இது. விக்டோரியா ராணி காலத்துல லங்காஸ்டர்ல அவர் மேசை இல்லாத பெரிய வீடு கிடையாது. அடியில முத்திரை இருக்கே, பாத்தீங்கல்ல?

ஆட்கின்: முத்திரை மேசையோட அடிச்சட்டத்துல இருக்கு. பலகையில இல்லியே.

நார்மன்: நான் அப்பவே சொன்னேன். அடிமாட்டு விலைக்குக் கேக்க இந்த வியாபாரிங்க ஏதாவது நொட்டை சொல்லுவாங்கன்னு.

மியூரியல்: யாருகிட்ட சொன்னாருன்னு கேளுங்க மிஸ்டர் ஆட்கின். என்கிட்ட இல்ல.

ஆட்கின்: உங்க வீட்டுக்காரர் பக்கத்துலதானே நிக்கிறாரு... நீங்களே கேக்கலாமே.

மியூரியல்: நீங்க கேளுங்க.

ஆட்கின்: ...அத விடுங்க. இந்த மாதிரி இழுத்து நீட்டுற மேசையில, விருந்தாளி வந்தாத்தான் பலகையப் போடுவாங்க. மத்த நாள் அது அலமாரி இருட்டுல கெடக்கும். வெயில் பட்டு மேசை வெளுத்துரும், பலகை மட்டும் செக்கச்செவேல்னு இருக்கும். நான் பாத்த அத்தனை மேசையும் அப்படித்தான். இங்க எல்லாமே ஒரே வெளுப்பு.

நார்மன்: அதனால?

ஆட்கின்: யாரோ புதுப் பலகை செஞ்சு, சாயம் ஏத்திச் சேத்திருக்காங்க.

மியூரியல்: சாயமா? எங்க கொள்ளுத்தாத்தா மேசையிலயா?

ஆட்கின்: த்வெய்ட் செஞ்சதுன்னு எழுதி ஏலத்துல வெக்க முடியாதும்மா. பேர் போடாம வேணா எடுத்துக்கிறேன்.

மியூரியல்: பேர் இல்லாம இது வாசலத் தாண்டாது.

நார்மன்: வெள்ளிக்கிழமை வீட்டக் காலி பண்ணணும். புது ஃபிளாட்டுல ரெண்டு பேர் உக்கார்ற மேசைக்கே எடம் இழுபறி.

மியூரியல்: அதுதான் அவருக்குக் கவலை. பக்கத்துல உக்காரணுமேன்னு.

ஆட்கின்: பலகை எப்பிடி வெளுத்துச்சு, அத மட்டும் சொல்லுங்க.

மியூரியல்: ...எடுக்கவே இல்ல. அப்படியே கெடந்துச்சு, ஜன்னல் வெயில்ல.

ஆட்கின்: பன்னெண்டு பேர் உக்கார்ற மேசை. வீட்டுல ரெண்டே பேரு. நம்புற மாதிரியா இருக்கு?

நார்மன்: கைப்பிடி தொலஞ்சு போச்சுங்க. அதப் போட்டுச் சுத்தினாத்தானே மேசை மூடும்.

மியூரியல்: தொலஞ்சுதா, தொலைச்சாங்களான்னு கேளுங்க.

ஆட்கின்: எப்பத் தொலஞ்சுது?

மியூரியல்: பதினாறு வருஷம் முன்னாடி, கிறிஸ்துமஸ் விருந்துல. என் புட்டிங் தன்னோட அக்கா செய்யுற மாதிரி வரலன்னு ஒருத்தர் அத்தனை பேர் முன்னாடி சொன்னாரு. மறுநாள் என் தட்ட எடுத்துக்கிட்டு மேசையோட அந்தக் கோடிக்குப் போனேன். இன்னும் அங்கதான்.

நார்மன்: விளையாட்டுக்குச் சொன்னது.

மியூரியல்: யாராவது சிரிச்சாங்களான்னு கேளுங்க.

ஆட்கின்: பதினாறு வருஷமா ஆளுக்கொரு கோடியா? உப்பு வேணும்னா?

மியூரியல்: அவருக்கு ஒரு கிண்ணம், எனக்கு ஒரு கிண்ணம்.

ஆட்கின்: கதை நல்லாத்தான் இருக்கு... ஆனா எனக்கு அத்தாட்சி வேணும். அந்தக் காலத்துத் தச்சருங்க பலகை ஓரத்துல உளியால ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கோடு வெட்டுவாங்க, வரிசை மாறாம இருக்க. பிரிச்சாத் தெரிஞ்சிடும்.

மியூரியல்: பிரிங்களேன்.

ஆட்கின்: கைப்பிடி வேணுமே. அடியில இருக்கிற திருகு இறுக்கிப் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு தச்சரும் ஒவ்வொரு அளவு. என்கிட்ட இருக்கிறது எதுவும் சேரல. இல்லேன்னா விடுங்க, பேர் இல்லாமயே...

நார்மன்: கொஞ்சம் இருங்க.

மியூரியல்: எங்க போறாரு?

ஆட்கின்: அந்தப் பெரிய கடிகாரத்தத் திறக்கிறாரும்மா. உள்ள கை விடுறாரு...

நார்மன்: இந்தாங்க. சுத்துங்க.

ஆட்கின்: அட... கச்சிதமாச் சேருதே. பிரியுது, பிரியுது... ஒரு கோடு. இங்க ரெண்டு. இதோ மூணு. சட்டத்துலயும் அதே உளி. மன்னிச்சிடுங்கம்மா, தாத்தா பேரப் பெருசாவே எழுதிடறேன்.

நார்மன்: மியூரியல்... மேசைய மூடியிருந்தா நீ தட்டத் தூக்கிக்கிட்டு சமையல்கட்டுக்கே போயிருப்ப. நீட்டியே கெடந்தா அந்தக் கோடியிலயாவது உக்காருவன்னுதான் ஒளிச்சேன். வேற ஒண்ணுமில்ல.

ஆட்கின்: இருங்க, இருங்க. இது இன்னும் இடிக்குதே. பதினாறு வருஷம் கடிகாரத்துக்குள்ள கெடந்த இரும்பு, துருவே இல்ல. கையெல்லாம் எண்ணெய் பாருங்க. நேத்துப் போட்ட மாதிரி இருக்கு.

நார்மன்: சத்தியமா நான் போடலங்க. ஒளிச்ச நாள்லேருந்து அதத் தொடவே இல்ல.

மியூரியல்: அந்தக் கடிகாரத்தத் தொடைக்கிறது யாரு, நார்மன்? நான்தான் போட்டேன். என்னிக்காவது நீங்களா எடுத்து மூட வந்தா, சுத்தணுமேன்னு.