சோழவரத்தில் நாலாவது பீப்பாய்

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயிண்டைப் பார்க்கிறார்கள், இன்ஸ்பெக்டர். உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். கால் தாராளமாக நீள வேண்டும், ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று கார்கள் ஆயின.

திருவள்ளூரில் எங்கள் குடும்பத்தில் பெருமாள் பல்லக்கைவிட வேகமாக யாரும் போனதில்லை. நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சோழவரம் போய், யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில் கார் ஓட்டினேன். அங்கே பந்தயம் நடத்தும் மோட்டார் சங்கத்தில் என்னைத் தடப் பாதுகாப்புக் குழுத் தலைவராக்கினார்கள். குழுவில் வேறு யாரும் கிடையாது. மரமோ வீடோ இல்லாத பொட்டல் அது. திருப்பத்துக்கு முன்னால் சுண்ணாம்படித்த எண்ணெய்ப் பீப்பாய்கள் நான்கை வரிசையாக நிறுத்துவோம். எங்கே பிரேக் போடுவது என்பதற்கு அவைதான் அடையாளம். கிணற்றுக் கயிற்றால் அளந்து வைப்பது என் பொறுப்பு.

கறுப்புக் கார் திருப்பங்களில் சாய்ந்தது. பச்சைக் கார் கிளம்பவே யோசித்தது. மூன்றாவது சிவப்பு, இரண்டே இருக்கை. அதிலும் ஒரு சுற்றுக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. கோளாறு என்னவென்று பார்க்க என் மெக்கானிக் ஹனீபை ஓட்டச் சொன்னேன். பழவேற்காட்டுக்காரன், அடக்கமானவன். இரண்டு நிமிஷம் இருபது விநாடியில் வந்து நின்றான்.

"வண்டி மேல தப்பு இல்ல சாமி. நீங்க பயந்துகினு முன்னாடியே மிதிச்சிடுறீங்க. நாலாவது பீப்பா வர்ற வரிக்கும் பிரேக்க தொடாதீங்க. வந்துச்சா, ஒரே மிதி. அவ்ளோதான்."

ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்த மோசஸ், "இன்னா சாமி, வண்டிக்கு உங்களத்தான் புடிக்கல போல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்ததாக நினைவு.

பிறகு எட்டு மாதம் பழகினேன். ஹனீப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தந்தான். ஆனாலும் இரண்டாவது பீப்பாயிலேயே என் கால் தானாகப் போய்விடும். இந்த ஜனவரியில் கோப்பைப் பந்தயம். என் காரை ஹனீபே ஓட்டட்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. நோட்டீஸில் அவன் பெயர் அச்சாகி வந்தது.

"உங்க பேரையும் போடச் சொல்லிப் பாக்குறேன் சாமி," என்றான்.

அவன் இரக்கப்பட்டிருக்க வேண்டாம்.

பந்தயத்தன்று காலை ஒத்திகை ஒழுங்காக நடந்தது. மத்தியானம் எல்லோரும் பந்தலில் பிரியாணி சாப்பிடும்போது நாலாவது பீப்பாயைத் திருப்பத்தை நோக்கி நாற்பது அடி தள்ளி வைத்தேன். கயிற்றால் அளந்துதான் வைத்தேன். குத்துமதிப்பாக எதையும் செய்வதில்லை. சட்டையில் தலைவர் பேட்ஜ் இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டர் அருணாச்சலம் ஒரு கை பிடித்து உதவினார். அவருக்கு ஒன்றும் தெரியாது, விட்டுவிடுங்கள்.

மற்ற ஓட்டுநர்களையும் யோசிக்காமல் இல்லை. அவர்கள் என்னைப் போன்றவர்கள், முன்பே மிதித்துவிடுவார்கள். நாலாவது வரை வரத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் அந்த நாற்பது அடி. பாதுகாப்புக் குழுத் தலைவர் என்ற முறையில் அதைக் கவனித்தேன்.

ஹனீப்தான் முதலில் வந்தான். அவன் சொன்னபடியே, ஒரே மிதி. திருப்பத்துக்கு அப்பால் பழைய கான்கிரீட் சுவர். பின்னால் வந்த ஐந்து கார்களும் அழகாகத் திரும்பின.

அவன் மனைவி சைதா பந்தலில் என் பக்கத்தில் நின்றிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். "வண்டியில இன்னா கோளாறு சாமி?" என்று கேட்டாள். கோளாறு இல்லையம்மா, கொஞ்சம் தாமதமாக மிதித்துவிட்டான் என்றேன். அது பொய்யில்லை.

சங்கமும் ஓட்டுநரின் தவறு என்று எழுதி முடித்துவிட்டது. நீங்கள் கூப்பிடாமலே நான் வந்தது அதனால்தான். அந்த வேகத்தில் வருகிற காருக்கு எத்தனை அடி குறைந்தால் போதும் என்று அந்தச் சங்கத்தில் வேறு யாருக்குத் தெரியும்? ஹனீபைக் கொன்றது என் கணிப்பு. அதை யாரோ செய்த தவறு என்று எழுதினால் எப்படி?

வாக்குமூலத்தைப் படித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் மட்டும் 'அரிசி மில்' என்று போட்டிருக்கிறீர்கள். 'பந்தய ஓட்டுநர்' என்று திருத்திக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.